புகையிரதமும் நாமும்

பொருள் மறைந்த பின்னரும் சொல் மறையாது நிற்றல் மொழிகளின் இயல்பு. இதற்குச் சான்று தேடி ஏடுகளைப் புரட்ட வேண்டுவதில்லை; நம் நகரத்துப் புகையிரத நிலைய வாயிலிற் சென்று நின்றாற் போதும். 'புகையிரதம்' என்கின்றோம், புகை எங்கே? நீராவி எஞ்சின்கள் அன்றாடப் பணியினின்றும் நீங்கி ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. 1953 முதலாக டீசல் எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவற்றின் இடத்தைப் பற்றிக்கொண்டன. எனினும் நிலையம் இன்றும் புகையிரத நிலையமே. திணைக்களம் இன்றும் புகையிரதத் திணைக்களமே. டீசல் எஞ்சினும் புகை கக்குகின்றதே என்று எம்மோடு வாதிட வருவோர் உளராயின், அது புகையே யன்றி அழகன்று என விடையிறுத்து மேலே செல்வோம்.

யாம் இக்கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். எமது மேசையின் கண்ணாடித் தட்டின் கீழே நீராவி எஞ்சின் படங்கள் சில இருத்தலை மாணாக்கர் அறிவர். ஆசிரியர் அறையிலே நண்பர் ஒருவர் ஒரு நாள் வினவினார்: "தமிழ் வாத்தியாருக்கும் வெள்ளைக்காரனுடைய இரும்பு வண்டிக்கும் என்ன உறவு? நம்மை ஆண்டவனுடைய கம்பனிகளின் சரித்திரத்தை நாம் ஏன் நெட்டுருப் பண்ணவேண்டும்?" அன்று மணி அடித்தமையால் விடை கூறாமலே வகுப்புக்குச் சென்றோம். விழா மலர்க் குழுவினர் கட்டுரை கேட்ட இவ்வேளையில், அவ்விடையை எழுத்திலே தருதல் தகும் எனக் கருதுகின்றோம்.

முதலில் அந்தப் பற்றினைப் பற்றிக் கூறுதும். இங்கிலாந்திலே ஒரு காலத்தில் றெயில்வே என்பது ஒன்றன்று, பலவாகும். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு நிறம், ஒரு முத்திரை, ஒரு பட்டறை, ஒரு செருக்கு. மேற்குப் பெருந்தடக் கம்பனியின் எஞ்சின்கள் சுவிண்டன் நகரில் உருவாகிப் பச்சை பூண்டன. மிட்லண்ட் கம்பனியின் எஞ்சின்கள் டார்பி நகரிற் பிறந்து செந்நிறம் பூண்டன. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலத்திலேகூட இவர்கள் ஒருமைப்பட்டாரல்லர். ஏனையோர் 4 அடி 8½ அங்குலத்தில் ஓட, மேற்குக் கம்பனியார் 7 அடி கால் அங்குலமே சிறந்ததென்று 1892 வரை பிடிவாதம் பிடித்தனர். 1923 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி ஏறக்குறைய 120 கம்பனிகள் நான்காகத் தொகுக்கப்பட்டன. இந்நான்கும் தம்முள் போட்டியிட்டு ஓடியதன் பயனாகவே, 1938 ஆம் ஆண்டு யூலை 3 ஆந் திகதி 'மலாட்' என்னும் நீல நிற எஞ்சின் மணிக்கு 126 மைல் வேகம் சென்றது. நீராவி எஞ்சின் ஒன்றும் அவ்வேகத்தை இன்றுவரை வென்றதாகப் பதிவில்லை. 1948 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நான்கும் அரசின் உடைமையாயின. இலங்கை சுதந்திரம் பெற்றது அதற்கடுத்த மாதத்திலாம்.

இக்கம்பனிகளை நேசித்தல் ஆதிக்கத்தை நேசித்தலாகுமா என்பதே நண்பரின் ஐயத்தின் உட்கிடை. ஐயம் நியாயமானதே. இந்தியாவிலே தொடக்ககாலப் பாதைகளை அமைத்த பிரித்தானியக் கம்பனிகளுக்கு, வருவாய் வந்தாலும் வராவிட்டாலும் இட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வட்டி என அரசு உறுதியளித்தது. வருவாய் குறைந்தபோது அக்குறையை நிரப்பியது இந்திய மக்களின் வரிப்பணம். அப்பணத்தாலேயே தென்னிந்தியாவின் பாதைகளும் நீண்டன. ஒரு கம்பனியின் முத்திரையைக் கண்டு மகிழ்பவன் இக்கணக்கையும் அறிந்திருத்தல் வேண்டும். அறியாது மகிழ்தல் பேதைமை. அறிந்தபின் வெறுத்தொதுக்குதலோ மற்றொரு பேதைமை. ஏனெனின், கம்பனியின் பங்குதாரர் வேறு, அதன் பட்டறையிலே சுத்தியல் பிடித்தவர் வேறு, எஞ்சினின் நெருப்பை வளர்த்தவர் வேறு. எமது பற்று இறுதியிற் கூறிய இருவகையினர் மேலது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையிலும் 1845 இல் ஒரு றெயில்வேக் கம்பனி தோன்றியதுண்டு. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொணர்தலே அதன் நோக்கம். 1858 இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் முதன் மண்ணை வெட்டித் தொடக்கிவைத்தார். ஆயினும் செலவுக் கணக்கு ஏறிக்கொண்டே போகவே கம்பனி விலக, அரசே வேலையை ஏற்றது. 1864 ஆம் ஆண்டு டிசம்பர் 27 ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் வண்டி ஓடிற்று. 1867 இல் பாதை கண்டியை அடைந்தது. ஆதலின் நம் றெயில்வே கம்பனிப் பெயர் பூணாமல் அரசின் பிள்ளையாகவே வளர்ந்தது. அதன் அகலமோ 5 அடி 6 அங்குலம். இங்கிலாந்தின் பொதுப் பாதையிலும் நம் பாதை அகன்றது என்பதை மாணாக்கர் குறித்துக்கொள்க.

கம்பனி இல்லையாயினும் கம்பனி நாட்டின் பட்டறைகள் பல நம் பாதையிலே பெயர் பொறித்தன. மாஞ்செஸ்டரில் இருந்த பேயர் பீகொக் பட்டறை 1927 இல் இலங்கைக்கு அனுப்பிய 'கறற்' எஞ்சின் அவற்றுள் ஒரு விந்தை. நடுவிலே ஒரு கொதிகலன். அதன் முன்னும் பின்னும் தனித்தனியே திரும்பவல்ல இரு சக்கரத் தொகுதிகள். 44 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றமும், பாம்புபோல் நெளியும் வளைவுமாக 6,200 அடிக்கு மேலே ஏறும் மலைநாட்டுப் பாதைக்கு இதனிலும் பொருத்தமான வடிவம் அரிது. அப்பட்டறை 1966 இல் மூடப்பட்டது.

கறற் எஞ்சின் வந்த அதே 1927 ஆம் ஆண்டிலேதான் நம் திருகோணமலைக்கும் பாதை வந்தது. கல்லோயாச் சந்தியிற் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாக ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஓடிக் கடற்கரையிலே முடிகின்ற பாதை அது. காட்டினூடாக, மலேரியாவுக்குப் பெயர்போன வறண்ட நிலத்தினூடாக, இதனை இட்டமைக்குக் காரணம் நம் முன்னோரின் நன்மையன்று. இயற்கைத் துறைமுகமும், அங்கே பிரித்தானியக் கடற்படை கொண்டிருந்த தளமும், சீனன்குடாக் குன்றுகளிடையே எழுந்த எண்ணெய்த் தாங்கிகளுமே காரணம். தாங்கிகளுள் 99 இன்றும் நிற்கின்றன. இங்கே ஒரு வேடிக்கையையும் நோக்குக. போர்க் கப்பல்கள் நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறிய காலத்திலே, அவ்வெண்ணெயைச் சேமித்த கரையை நோக்கி நிலக்கரி எரிக்கும் எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. இலங்கை மண்ணிலோ நிலக்கரி இல்லை. அதனையும் கடல் கடந்தே கொணர்ந்தனர்.

எனினும் பாதை அமைத்தவன் கருதியது ஒன்று. பாதை செய்தது வேறொன்று. மலைநாட்டுப் பாதை கோப்பிக்காக இடப்பட்டது. 1869 இற் கண்ட நோயாற் கோப்பி அழிய, அப்பாதை தேயிலையைச் சுமந்தது. தலைமன்னார்ப் பாதை 1914 இல் இந்தியப் பாதையோடு கப்பலால் இணைக்கப்பட்டது. அதற்கு முன்னே மன்னார்க் கரையிலிருந்து தோட்டங்களுக்குக் காட்டுவழியே கால்நடையாகச் சென்று மாண்ட தொழிலாளர் எத்தனையோ பேர். நம் பாதை போர்க் கப்பலுக்காக இடப்பட்டது. 1957 இற் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்துச் சென்ற பின்னரும் அது சென்றவிடமெல்லாம் நம்மைக் கொண்டு சென்றது. தகரப் பெட்டியும் தாயார் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொதியுமாக இரவு வண்டியேறிப் பல்கலைக்கழகம் புகுந்த பழைய மாணவர்கள் இம்மலரைப் படிப்போருட் பலராவர். அவர்களது கல்வியைச் சுமந்த வண்டி யாருடைய நோக்கத்துக்காக வந்தது என்று அவர்கள் அன்று வினவினாரல்லர். வண்டி வந்தது; ஏறினர்; உயர்ந்தனர்.

இவ்வாறாயின் நண்பரின் வினாவுக்கு விடை எளிது. எஞ்சினைச் செய்வித்தவனுக்கு மட்டுமே அது உரியதன்று. அதனை ஓட்டியவனுக்கும், அதனால் வாழ்ந்தவனுக்கும் உரியது. ஆயின் இவ்வுரிமையைப் பேசும் நாம், அதற்கேற்ற கடமையைச் செய்தோமா? ஈண்டு எமது குற்றமொன்றை யாமே கூறுதல் வேண்டும்.

எமது இளமைக் காலத்தில் எங்கள் ஒழுங்கையின் முடிவிலே ஒரு பெரியவர் வாழ்ந்தார். நீராவிக் காலத்திலே திருகோணமலைப் பாதையில் எஞ்சினுக்கு நெருப்பு வளர்க்கும் பயர்மனாகத் தொழில் பார்த்தவர். வலக்கையிலே முழங்கை வரை சூட்டுத் தழும்புகள். மாலை வேளைகளில் அவரது திண்ணையில் அமர்ந்து கதை கேட்போம். நீராவி எஞ்சினின் இரகசியத்தை எமக்கு உணர்த்தியவர் அவரே. பாடப் புத்தகம் அன்று.

நெருப்புப் பெட்டியின் வெப்பம் தீக்குழாய்களினூடாகச் சென்று நீரைக் கொதிக்கச் செய்கிறது, நீராவி உருளையினுட் புகுந்து தண்டினைத் தள்ளுகிறது, சக்கரம் சுழல்கிறது. இவ்வளவும் யாவரும் அறிந்தது. வேலை முடித்த நீராவி என் செய்கின்றது? அது வீணே போவதில்லை. புகைபோக்கியினூடே வேகமாக வெளியேறும்போது நெருப்பிலிருந்து புகையையும் இழுத்துச் செல்கின்றது. அதனாற் புதிய காற்று நெருப்பினுட் பாய்கின்றது. ஆகவே எஞ்சின் எவ்வளவுக்குக் கடுமையாக உழைக்கின்றதோ அவ்வளவுக்கு நெருப்பும் மூண்டெழுகின்றது. 'சுக்கு புக்கு' என்று குழந்தைகள் பாடும் ஓசை அந்த மூச்சின் ஓசையே. பெரியவர் கூறுவார்: "தம்பி, கண்ணாலை பாத்துக் கரி போடுறவன் அரைப் பயர்மன். காதாலை கேட்டுப் போடுறவன்தான் முழுப் பயர்மன்."

கொதிகலனில் நீர் மட்டம் இறங்கினால் என்னவாகும் என்று ஒருமுறை கேட்டோம். நெருப்புப் பெட்டியின் மேற்றளத்திலே ஈயத்தாலான செருகி ஒன்று உண்டென்றும், நீர் குறைந்து தளம் காய்ந்தால் அவ்வீயம் உருகி, நீராவி கீழிறங்கி நெருப்பைத் தணிக்குமென்றும் சொன்னார். "ஈயம் உருகினால் எஞ்சின் தப்பும், பயர்மன்ரை மானம் தப்பாது" என்று சிரித்தார். தம் கைப்பட எழுதிய கொப்பி ஒன்றும் வைத்திருந்தார். எந்த எஞ்சின் எந்த ஏற்றத்தில் எவ்வாறு இழைக்கும், எந்த நிலையத்து நீர் கொதிகலனில் உப்புப் படியச் செய்யும், எந்தச் சாரதிக்கு எவ்விதம் நெருப்பு வேண்டும் என்பனவெல்லாம் அதிலே தமிழில் எழுதப்பட்டிருந்தன. எஞ்சின் உறுப்புகளுக்கு அவரும் அவர் தோழரும் வழங்கிய ஊர்ப்பெயர்களும் அதில் இருந்தன.

ஆசிரியப் பயிற்சி முடித்து ஊருக்கு மீண்டபோது, அக்கொப்பியைப் படியெடுத்து அவரது சொற்களையெல்லாம் தொகுத்தல் வேண்டும் என்று எண்ணினோம். அவரும் இசைந்தார். "விடுமுறை வரட்டும்" என்றோம். விடுமுறை வந்தது, விடைத்தாள் திருத்தம் வந்தது, அடுத்த விடுமுறையும் வந்தது. இவ்வாறு மூன்றாண்டு கழிந்தது. ஒரு நாள் பறையொலி கேட்டுச் சென்றபோது பெரியவர் திண்ணையில் இல்லை. முப்பத்தோராம் நாட் கிரியை முடிந்த பின்னர்க் கொப்பியை வினவினோம். வீடு துப்புரவாக்கியபோது பழைய கடதாசிகளோடு கடைக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டதாகப் பிள்ளைகள் கூறினர். அவர்கள் மேற் குற்றமில்லை; அதன் பெறுமதியை அறிந்திருந்தவர் யாம் ஒருவரே. அறிந்திருந்தும் வாளாவிருந்தவரும் யாமே.

கொதிகலன்களுட் சில காப்பாற்றப்பட்டுள்ளன. முதல் வண்டி ஓடி 150 ஆண்டு நிறைந்த 2014 ஆம் ஆண்டு டிசம்பர் 27 ஆந் திகதி கடுகண்ணாவையில் றெயில்வே நூதனசாலை திறக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகளுக்காகப் புதுப்பிக்கப்பட்ட எஞ்சின்களுள் 251 ஆம் இலக்கத்தது 'சேர் தோமஸ் மெயிற்லண்ட்' என்னும் பெயருடையது. 1805 முதல் 1811 வரை இலங்கையை ஆண்ட ஆளுநரின் பெயர் அது. ஆளுநர் பெயர் பித்தளையிற் பொறிக்கப்பட்டு மினுங்குகின்றது. நெருப்பு வளர்த்தவன் பெயர் பொறித்த பித்தளைத் தகடு எங்குளது? ஆங்கிலேயர் எஞ்சினின் இலக்கத்தையும் நிறத்தையும் எழுதி வைத்துள்ளனர். நம்மவரின் உழைப்பையும் சொற்களையும் அவர்கள் எழுதார். அது நம் வேலை. அதனை நாம் செய்யாதிருந்துவிட்டு, அவர்கள் வரலாற்றை ஏன் படிக்கவேண்டும் என்று வினவுதல் பொருந்துமோ?

இவ்விடயத்தில் அவர்களிடம் கற்கவேண்டியதும் ஒன்று உளது. வேல்ஸ் நாட்டில் 1865 இல் திறக்கப்பட்ட தாலிலின் என்னும் சிறு பாதை மூடப்படும் தறுவாயில் இருந்தபோது, 1950 இல் ஆர்வலர் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். எழுத்தாளர், பொறியியலாளர், எழுதுவினைஞர், பள்ளி ஆசிரியர் என்றிவ்வாறு பலதிறத்தார் விடுமுறைகளிலே வந்து புல் வெட்டினர், கட்டை மாற்றினர், 1951 முதல் வண்டியைத் தாமே ஓட்டினர். தன்னார்வத் தொண்டராற் காக்கப்பட்ட முதற் பாதை அதுவே. பின்னொரு சாரார், ஒன்றுகூட எஞ்சாது உடைக்கப்பட்டுவிட்ட எஞ்சின் வகை ஒன்றினைப் பழைய வரைபடங்களைக்கொண்டு புதிதாகவே கட்டத் துணிந்தனர். 1990 இல் தொடங்கிய அம்முயற்சி 2008 இல் நிறைவேறியது. 'டோர்னேடோ' என்னும் அவ்வெஞ்சின் உயிர்பெற்று ஓடிற்று. அரசன் கொடையால் அன்று. பெரும்பாலும் ஆர்வலர் பலர் மாதந்தோறும் கொடுத்த சிறு தொகைகளால். அவர்களுக்கு விடுமுறை வந்தது போலவே எமக்கும் வந்தது. அவர்கள் சென்றனர், யாம் சென்றிலேம்.

இழந்ததை மீட்டலும் இயலும் என்பதற்கு நம் நாட்டிலும் சான்றுண்டு. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான வண்டி நின்றது. போர்க் காலத்திலே தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. கோச்சி என்பதனைப் படத்திலே மட்டும் கண்ட ஒரு தலைமுறை அங்கே வளர்ந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் புகுந்தபோது பாதையின் இருமருங்கும் மக்கள் திரண்டு நின்ற காட்சியை யார் மறப்பர்? தண்டவாளத்தை மீள இடலாம். மாண்டவரின் நினைவை மீள இடுதல் இயலாது.

ஆகவே இவ்விழா ஆண்டிலே பழைய மாணவர் சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது, நீராவிக் காலத்திலே தொழில் பார்த்து இன்றும் நம்மிடையே வாழும் முதியோர் மிகச் சிலர். சாரதி, பயர்மன், நிலைய அதிபர், கைகாட்டி இயக்கியவர், பாதை செப்பனிட்டவர் என எவராயினும், அவர்களை இவ்வாண்டினுள்ளேயே கண்டு அவர்களது பேச்சினை ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். இக்காலத்து மாணாக்கன் ஒவ்வொருவன் வீட்டிலும் அதற்கான கருவி உண்டு. இல்லாதது 'இன்றே' என்னும் எண்ணம் ஒன்றே.

இரண்டாவது, வீடுகளிலே கிடக்கும் பழைய படங்கள், கெட்டி அட்டைப் பயணச் சீட்டுகள், சேவைப் பத்திரங்கள், சட்டைப் பொத்தான்கள் முதலியவற்றைக் கல்லூரி நூலகத்திலே ஓர் அலுமாரியிற் சேர்த்தல் வேண்டும். செலவு ஓர் அலுமாரியின் விலையே. கொடுத்தவர் பெயரும், அப்பொருளைப் பயன்படுத்தியவர் பெயரும் அதன் அருகே எழுதப்படுக.

மூன்றாவது, விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் வரலாற்றாசிரியரும் கூடி, நீராவி எஞ்சினை ஒரு பாடமாக ஆண்டுக்கொருமுறையேனும் நடத்துக. வெப்பமும் அமுக்கமும் விஞ்ஞானத்துக்கு. கம்பனியும் தளமும் தோட்டமும் வரலாற்றுக்கு. புகையிரதமும் கோச்சியும், தொழிலாளர் வழங்கிய ஊர்ச்சொற்களும் தமிழுக்கு. மாணாக்கர்க்கு ஒரு பொருள் பல துறைகளின் சந்தியாக விளங்குதலினும் நல்ல கல்வி வேறில்லை.

முடிவாக ஒன்று. ஒற்றைத் தண்டவாளப் பாதையிலே இரு வண்டிகள் எதிரெதிரே வாராதிருத்தற் பொருட்டு, 'டப்லட்' என்னும் அடையாள வில்லையைப் பெரியதொரு வளையத்திலே பொருத்திச் சாரதியிடம் கொடுப்பர். 1878 இல் இங்கிலாந்தில் எட்வர்ட் டையர் என்பார் கண்டுபிடித்த ஏற்பாடு அது. அப்பழைய முறை இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் அண்மைக் காலம் வரை வழங்கியது. ஓடும் வண்டியினின்றும் சாரதி கை நீட்ட, மேடையில் நிற்பவர் கை நீட்ட, வளையம் கைமாறும் காட்சியைப் பழைய மாணவர்கள் கண்டிருப்பர். இரு கைகளில் ஒன்று நீளாதொழியினும் வளையம் கீழே விழும்.

பெரியவர் தம் கையை நீட்டினார்; யாம் நீட்டத் தாமதித்தோம். இம்மலரைப் படிக்கும் இளைஞர்காள், நீவிர் தாமதியாதீர். உங்கள் ஒழுங்கையின் முடிவிலும் ஒரு திண்ணை இருத்தல் கூடும். இன்று மாலையே சென்று பாருங்கள்.